'மற்றவை' பட்டதாரியின் பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்: பி.காம். பட்டதாரி, வேப்பனப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்: வளாகத் தேர்வுக் குழுத் தலைவர், பன்னாட்டு முதலீட்டு வங்கி ஒன்று, வெளிவட்டச் சாலை, பெங்களூரு.

பொருள்: கல்லூரிப் பட்டியலின் அடியில் கிடப்பவர்களையும் ஒருமுறை தூசி தட்டிப் பார்க்கக் கோருதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் ஆன்லைன் விண்ணப்பத்தில் 'கல்லூரி' என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் இறங்குகிறது. ஐ.ஐ.எம்., ஐ.ஐ.டி., டெல்லிக் கல்லூரிகள், மும்பைக் கல்லூரிகள் எல்லாம் கடந்து, கட்டைவிரல் தேய்ந்து, கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று வருகிறது. அடியேன் அதில்தான் படித்தேன்.

அனுப்பிய அரை நிமிடத்தில் "தங்கள் விவரங்களை மிகக் கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம்" என்று பதில் வந்தது. இத்தனை வேகமாகவும் இத்தனை கவனமாகவும் படிக்கிற ஆள் ஒருவர் தாலுகா ஆபீசில் இருந்தால் தமிழ்நாட்டில் பட்டா மாறுதல் ஒன்றுகூட நிலுவையில் இருக்காது.

தங்கள் 'மற்றவை'க்குச் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் என்று பெயர். 1997இல் தொடங்கியது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வருகின்றன. முட்டைக்கு விலை அறிவிக்கும் நாமக்கல்லும், ஜவ்வரிசியை ஏலம் விடும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் இந்த எல்லைக்குள்தான். சந்தை என்றால் என்னவென்று எங்களுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

எங்கள் ஊர் மாந்தோப்புக்கு ஒருமுறை வந்து பாருங்கள். தை மாதம் மரத்தில் பூ மட்டும்தான் இருக்கும். அப்போதே ஆனி மாத விலையை யூகித்துத் தோப்பைக் குத்தகை பேசி, அட்வான்சும் கைமாறிவிடும். மழை, தத்துப்பூச்சி, மாங்கூழ் ஆலைக்காரர் மனசு, எல்லாம் குத்தகைக்காரர் தலையில். இதையே தாங்கள் 'ஃபியூச்சர்ஸ்' என்று ஸ்லைடு போட்டு போனஸ் வாங்குகிறீர்கள். என் சித்தப்பா சிகரெட் அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டு, நஷ்டம் வந்தால் சொந்தக் கையிலிருந்து கட்டுகிறார்.

இங்கே அதிகம் விளையும் காய்க்குப் பெயரே 'பெங்களூரா'. காய்க்குக் கிடைத்த பெங்களூரு எனக்குக் கிடைக்கவில்லை, போகட்டும். 2025 ஜூனில் அதன் விலை தரைதட்டியபோது, வெளிமாநிலக் காய் உள்ளே வரக்கூடாது என்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். கர்நாடகக் காய்க்குக் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று மத்திய அரசு சந்தைத் தலையீட்டு விலை வைத்தது. எங்களுக்கு ஆந்திர எல்லையும் கர்நாடக எல்லையும் கூப்பிடு தூரம். தங்கள் பயிற்சி வகுப்பில் 'பாலிசி ரிஸ்க்' என்று ஒரு பாடம் இருக்குமே, அது எங்கள் தெருவில் டெம்போவோடு நின்று அழுகியது.

அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் என்று தங்கள் ஆய்வாளர்கள் அறிக்கை எழுதுகிறார்களே, மூன்றுக்கும் ஓசூரில் ஆலை உண்டு. பங்குச்சந்தை முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலாவைப் பெரும் பணக்காரராக்கியதே டைட்டன் பங்குதான். இந்தப் பக்கம் எந்த ஆலையில் ஆர்டர் குறைந்தாலும், ஷிப்ட் பஸ்ஸில் காலியாக வரும் சீட்டை எண்ணி எங்கள் டீக்கடை முன்கூட்டியே சொல்லிவிடும். காலாண்டு முடிவு பிறகு சாவகாசமாக வரும். (செபி இதைப் படித்துவிட்டு டீக்கடைக்காரர் மேல் உள்தகவல் வழக்குப் போட வேண்டாம், அவருக்கு டீமேட் கணக்கே கிடையாது.)

அமெரிக்கச் சமூகவியலாளர் லாரன் ரிவேரா 2015இல் 'பெடிகிரி' என்று ஒரு புத்தகம் எழுதினார். தங்களைப் போன்ற நிறுவனங்களில் நேர்காணல் நடத்துபவர்கள், பனிப்புயலில் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் இந்த ஆளோடு பொழுது போகுமா என்று பார்க்கிறார்களாம். பனிப்புயலுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொம்மசந்திராவில் பஸ் நின்றுபோனால், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையிலும் தங்களைச் சிரிக்க வைக்க என்னால் முடியும்.

பட்டயக் கணக்காளர் கழகம் கல்லூரிப் பெயரைப் பார்ப்பதில்லை, பி.காமில் 55 சதவீதம் இருந்தால் நேரே இண்டர்மீடியட். ஸ்டேட் வங்கி அதிகாரித் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். ஊரார் நகையையும் வைப்புத்தொகையையும் நம்பி ஒப்படைப்பவர்களே கேட்காத கேள்வியை, எக்செல் கட்டங்களுக்குக் கலர் அடிக்கும் முதல் வருட வேலைக்குத் தாங்கள் கேட்கிறீர்கள்.

பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அதைத் தயாரித்தவருக்கும் குழந்தை குட்டி இருக்கும். ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டைக் கொடுங்கள், இரண்டு மணி நேரம் கொடுங்கள். விடைத்தாளில் கல்லூரிப் பெயர் வேண்டாம். பொதுத்தேர்வு விடைத்தாளைத் தமிழ்நாட்டில் மாணவர் பெயரை மறைத்துத்தான் திருத்துகிறார்கள்; தங்களிடமும் பெயரை மறைக்க ஒரு துண்டுக் காகிதம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மற்றவை.

இணைப்பு: பட்டச் சான்றிதழ் நகல் – 1 (தங்கள் வசதிக்காகப் பல்கலைக்கழகத்தின் பெயர் மை பூசி மறைக்கப்பட்டுள்ளது).