கேட்டால் தெரியும்!

பரோக் இசை எல்லாமே ஒரே வயலின் இரைச்சலாக இருக்கிறதே? (ஜங்லிகாட் வாசகி)

வயலினை விடுங்கள், அடியில் கேளுங்கள். செல்லோ ஓயாமல் நடக்கும். கூடவே ஹார்ப்சிகார்டு கிணுகிணுக்கும். இரண்டும் இருந்தால் பெரும்பாலும் 1600-க்கும் 1750-க்கும் இடைப்பட்ட சரக்கு. 1750 பரோக் இசையமைப்பாளர் பாக் காலமான வருஷம்.

ஃபியூகைக் கண்டுபிடிப்பது எப்படி? (ஹேடோ வாசகர்)

ஒரு குரல் தன்னந்தனியாகத் தொடங்கும். அது வரியை முடித்ததும் இரண்டாம் குரல் அதே வரியைப் பஞ்சமத்தில் பிடிக்கும். பிறகு மூன்று, நான்கு. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசியும் நாலும் புரிந்தால் ஃபியூக். புரியாவிட்டால் டி.வி. விவாதம்!

கான்செர்ட்டோ? (டெலானிப்பூர் வாசகி)

கூட்டம் வாசிக்கும், தனி ஆள் பறப்பார், கூட்டம் பழைய பகுதியோடு திரும்பி வரும். நம் பல்லவி செய்யும் வேலைதான். 1725-ல் அச்சான விவால்டியின் 'நான்கு பருவங்கள்' கேளுங்கள். அவருடைய கோடை புயலில் முடிகிறது; அந்தமான்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

ஆப்பெராவில் ரெசிட்டாட்டிவ், ஏரியா: என்ன வித்தியாசம்? (பாத்துபஸ்தி வாசகர்)

தாளம் போட முடியாமல் கை தவித்தால் ரெசிட்டாட்டிவ். கதை நின்று, மனசு மட்டும் பாடினால் ஏரியா.

சரபாண்ட்? (அதே வாசகர்)

மெதுவான மூன்றடி நடனம், கனம் இரண்டாவது அடியில்.

ஐரோப்பிய சங்கதிக்கும் நிக்கோபாருக்கும் என்ன உறவு? (கேம்ப்பெல் பே வாசகர்)

தரங்கம்பாடி! 1706-ல் அங்கே கரையிறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு படித்தது ஜெர்மனியின் ஹாலேயில். இசையமைப்பாளர் ஹாண்டல் பிறந்ததும் அதே ஊரில்தான். லூத்தரன் சபையின் ஜெர்மன் மெட்டுகளில் தமிழ் ஏறி ஞானப்பாட்டு பிறந்தது. அந்தச் சபையின் கோரல் மெட்டுகளுக்குத்தான் பாக் நான்கு குரல் அமைத்துக்கொண்டிருந்தார். நான்கும் சேர்ந்தே அடி வைக்கும், வரி முடிவில் சேர்ந்தே நிற்கும்: அதுதான் கோரலின் அடையாளம்.

1756-ல் தரங்கம்பாடியை ஆண்ட டேனியர்கள் நிக்கோபாருக்கும் கப்பல் விட்டு, தீவுகளுக்குத் தங்கள் மன்னர் பிரெடரிக்கின் பெயரைச் சூட்டினார்கள். காய்ச்சல் அவர்களை மதிக்கவில்லை. 1868-ல் பிரிட்டனிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்? (அபர்தீன் பஜார் வாசகி)

செல்லுலார் ஜெயில் கதையான 'சிறைச்சாலை' (1996) படத்துக்கு இசை தந்த இளையராஜாவிடமிருந்து. அவருடைய 'ஹவ் டு நேம் இட்' (1986) ஆல்பம் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் முகப்பு அதில் வருகிறது. முதலில் வயலினைக் கேளுங்கள். இரண்டாம் முறை அடிக்குரலை மட்டும். அப்புறம் அடுத்த கேள்வியை அனுப்புங்கள்.