பத்து கிராம் பெருமான் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! ஹீமோகுளோபின் பத்து கிராமுக்குக் கீழே இறங்கியதும் ரத்தம் ஏற்றுக என்று ஆணையிடும் அண்ணல், ஐசியூவின் தனிப்பெருஞ் சக்கரவர்த்தி, இரவு டூட்டியின் குலதெய்வம், பத்து கிராம் பெருமான் திருவடி வாழ்க!

1942இல் ஆடம்ஸ், லண்டி என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் தங்களுக்கு முடி சூட்டினார்கள். சோதனை ஏதும் கேளாமல் உலகம் அரை நூற்றாண்டு தங்களை வணங்கியது. 1999இல் கனடா நாட்டார் துடுக்காக 838 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். ஏழு கிராம் வரை பொறுத்திருந்தவர்களில் முப்பது நாளில் மாண்டோர் 18.7 சதவீதம், தங்கள் ஆணைக்குப் பணிந்தவர்களில் 23.3. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் வல்லார் உரைத்தார்களே, அது தங்கள் வெற்றியல்லவா! கூடுதல் ரத்தம் யாரையும் கூடுதலாகப் பிழைக்கவைத்ததாகத் தெரியவில்லை என்பது அற்பர் பேச்சு.

தங்கள் கருணை முழுதும் பொழிவது நள்ளிரவில். ஐசியூ நிபுணர் மாலையே வீடு சென்றுவிட்டார். அவசரப் பிரிவுக்கும் ஐசியூவுக்கும் ஓடிக்கொண்டிருக்கும் இளம் டூட்டி டாக்டருக்குப் போனில் வருகிறது: "சார், 9.1." தாங்கள் இல்லையேல் அந்தப் பிள்ளை படுக்கைக்கு வந்து, எங்கேனும் கசிகிறதா, நாடி எப்படி, சிறுநீர் போகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று பார்த்து, யோசிக்கவும் நேர்ந்திருக்கும்! அந்தப் பெருந்துன்பத்தைத் தவிர்த்தருளினீர்கள். "ரெண்டு யூனிட் ஏத்திடுங்க சிஸ்டர்." ஒன்று போதுமா என்று பார்ப்பது கஞ்சர் குணம்.

முதல் பதினைந்து நிமிடம் செவிலியர் அருகிலேயே நிற்க வேண்டுமாம். ஆறு படுக்கை, இரண்டு வெண்டிலேட்டர், ஒரு சிஸ்டர். ஆகவே ரத்தப் பை தன்னந்தனியே இறங்கும் சுதந்திரம் பெற்றது. விடிவதற்குள் நுரையீரலில் நீர் கோத்து நோயாளி மூச்சுக்குத் தவித்தால், கேஸ் ஷீட்டில் "நிமோனியா" என்று ஏறும். தங்கள் திருநாமம் அங்கே வராது. என்னே தன்னடக்கம்!

எந்தப் பரிசோதனை தேவை என்று கேட்க ஆளில்லாததால், தினமும் அதிகாலையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரத்தம் கறக்கப்படுகிறது. ஐரோப்பிய ஐசியூக்களில் நாளொன்றுக்கு நாற்பது மில்லி அளவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உள்ளதை எடுத்து, குறைந்ததென்று வருந்தி, ஊரார் ரத்தத்தை ஊற்றும் இந்தத் திருவிளையாடலுக்காக, பதிலுக்கு ரத்தம் கொடுக்கப் பிளட் பேங்க் வாசலில் மருமகன்மார் நிற்கிறார்கள்.

இந்தத் தர்மத்துக்கு அழிவு நினைத்து, இரவுக்கும் ஒரு நிபுணரையோ இரண்டாவது சிஸ்டரையோ நியமிக்கும் நிர்வாகத்தார், கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவாராக.