நடமாடும் குப்பைத்தொட்டியின் விண்ணப்பம்

அனுப்புநர்: தனியாக ஊர் சுற்றும் பயணி, டோக்கியோ தெருக்களிலிருந்து.

பெறுநர்: பொதுக் குப்பைத்தொட்டிகளை அகற்றிய அதிகாரி அவர்கள், ஜப்பானிய நகரங்கள்.

பொருள்: நடமாடும் குப்பைத்தொட்டியாகப் பணிபுரியும் எனக்கு நியமன ஆணை கோருதல் தொடர்பாக.

ஐயா,

உங்கள் நகரங்களில் காலடி வைத்த அன்றே, விண்ணப்பிக்காமலே எனக்கு இந்த வேலை கிடைத்துவிட்டது.

காலையில் ஓர் ஒனிகிரி சோற்றுருண்டை வாங்கினேன். எந்த வரிசையில் கிழிக்க வேண்டும் என்று உறையிலேயே 1, 2, 3 எண் போட்டிருந்தது. கிழித்ததை எங்கே போடுவது என்பதற்கு மட்டும் எண் இல்லை. பிறகு ஒரு பிஸ்கட் பெட்டி. மேலே அலங்காரத் தாள், உள்ளே அட்டை, அதற்குள் பிளாஸ்டிக் தட்டு, ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் தனி உறை. தின்றது நாலு வாய், சுமந்தது நாள் முழுக்க. சுமக்கப் பை கேட்டால், 2020 ஜூலை முதல் அதற்கும் காசு.

பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு தொட்டியைக் கண்டு ஓடினேன். வட்ட ஓட்டை; பாட்டிலுக்கும் டின்னுக்கும் மட்டுமே அனுமதி.

தெருவில் பொதுத் தொட்டிகள் இல்லாததன் காரணம் அறிவேன். 1995 மார்ச் 20 அன்று ஓம் ஷின்ரிக்யோ கும்பல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பியது. பாதுகாப்புக்காகத் தொட்டிகளை எடுத்தீர்கள், நியாயம். அந்தக் கும்பலின் குற்ற வழக்குகளில் மரண தண்டனை பெற்ற 13 பேருக்கும் 2018-இல் தண்டனை நிறைவேறிவிட்டது. தொட்டிகளின் தண்டனைக்காலம்தான் இன்னும் முடியவில்லை.

மூட்டையை மறந்தாற்போல் பூங்காவில் விட்டுவரலாம் என்றால், உங்கள் மக்களின் நேர்மை குறுக்கே நிற்கிறது. யாராவது எடுத்துப்போய்க் கோபான் காவல் சாவடியில் ஒப்படைப்பார். தொலைந்த பொருளை மூன்று மாதம் காப்பது சட்டம். உரியவர் வராவிட்டால் கண்டெடுத்தவர் உரிமை கோரலாம். முன்பின் தெரியாத ஒருவருக்கு இப்படியொரு சொத்தை எழுதிவைக்க மனம் வரவில்லை.

தெருக்கள் பளிச்சென்று இருப்பதை மறுக்கவில்லை. உள்ளூர்க்காரர் குப்பையை வீட்டுக்கு எடுத்துப்போய், எரிவது, எரியாதது என்று பிரித்து, உரிய கிழமையில் குப்பை சேகரிக்கும் இடத்துக்குக் கொண்டுவருகிறார். நகரத்தின் சுத்தம் அவர் கைப்பையில் இருக்கிறது. பெயர் உங்களுக்குப் போகிறது. உறை சுற்றும் கைக்கு ஓய்வில்லை. ஒழுக்கப் பாடமெல்லாம் பிரிக்கும் கைக்குத்தான்.

ஆகவே பணிவுடன் கோருவது:

1. ரயில் தாமதித்தால் பயணிக்குத் தாமதச் சான்றிதழ் தருகிறீர்கள். அதுபோல் எனக்குச் சுமைச் சான்றிதழ் ஒன்று.

2. ஷிஞ்ஜுகு ரயில் நிலையத்துக்கு இருநூறு வாசல்களுக்கு மேல். ஒன்றை மூடிவிட்டு அங்கே தொட்டி வைத்தால் யாரும் வழிதவற மாட்டார்கள். ஏற்கெனவே எல்லோரும் தவறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

3. மேற்கண்டவை இயலாதெனில், பணி ஓய்வு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள தொட்டி.

இணைப்பு: இன்றைய உறைகள், மூட்டை ஒன்று. தங்கள் விதிப்படி பிரித்துக் கட்டப்பட்டுள்ளது.