கணக்கு சரிதான் ராசா, அப்புறம்?

ஏய்யா ராசா, எம்.பி.ஏ. வகுப்புல உங்களுக்கு ஒரு மந்திரம் சொல்லித் தாராங்களாமே. பி-வேல்யூ 0.05-க்குக் கீழ வந்தா நல் ஹைபாதிசிஸைத் தூக்கி எறியணும். மேல வந்தா எறியக் கூடாது. அம்புட்டுத்தான் பாடம். எதை எறியுதோம், எதுக்கு எறியுதோம்னு கேட்டா முழிக்கீங்க. கம்ப்யூட்டர் துப்புன பட்டியல்ல, 0.05-க்குக் கீழங்கிறதுக்கு அடையாளமா ஒரு நட்சத்திரம் விழுந்துட்டா போதும், கோட்டையைப் புடிச்சுட்டோம்னு குதிக்கீங்க.

நான் பருத்தி ஏவாரம் பாத்த ஆளு. ஆனா கையில கிடைச்ச புஸ்தகத்தை விடமாட்டேன். உங்க ஸ்டாடிஸ்டிக்ஸ் புஸ்தகத்தையும் விடல. வாசிக்க வாசிக்க ஒரே சிரிப்பு. ஏன் தெரியுமா? நீங்க ஏசி ரூமுல உக்காந்து பவுசாப் பேசுத இதுல பாதி வயக்காட்டுலயும் பீர் ஆலையிலயும் பொறந்தது. பெத்தவங்க சேத்தை மிதிச்சவங்க. வளத்தவங்கதான் டை கட்டிக்கிட்டாங்க.

முதல்ல அந்த நல் ஹைபாதிசிஸைப் பாப்போம். பேரைக் கேட்டுப் பயப்படாத. காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு, ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு நம்ம பாட்டன் சொன்னாம்லா, அதேதான். எவனாச்சும் வந்து ‘காக்காதான் தள்ளுச்சு’ன்னு அடிச்சுப் பேசுனா, ‘எங்க, இன்னும் நாலு மரத்துல தள்ளச் சொல்லு பாப்போம்’னு கேக்கணும். அப்படிக் கேக்கதுதான் டெஸ்டு.

லண்டனுக்கு வடக்க ராதாம்ஸ்டெட்னு ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இருக்கு. 1843-ல ஆரம்பிச்சது. 1919-ல ரொனால்ட் ஃபிஷர் அங்கன புள்ளியியல் வேலைக்கு வந்தார். அதே பண்ணையில பாசி ஆராய்ச்சி பண்ணுத மூரியல் பிரிஸ்டல்னு ஒரு அம்மா. ஒரு நா ஃபிஷர் டீயை நீட்டுனா, ‘எனக்குப் பாலை முதல்ல ஊத்துன டீதான் வேணும். எதை முதல்ல ஊத்துனதுன்னு குடிச்சே சொல்லிருவேன்’னுட்டாங்க. நம்ம டீக்கடை மாஸ்டரா இருந்தா கிளாஸைக் கழுவிக் கவுத்திட்டு ‘வேற கடை பாருங்கம்மா’ம்பார். ஃபிஷர் அப்படிச் சொல்லல. 1935-ல எழுதுன புஸ்தகத்துல இதையே ஒரு சோதனையா விளக்கிட்டார்.

எட்டு கப்பு. நாலுல பால் முதல்ல, நாலுல டீ முதல்ல. கலைச்சு வச்சுக் குடுக்கணும். பால் முதல்ல ஊத்துன நாலு எதுன்னு அந்த அம்மா பொறுக்கணும். எட்டுல நாலைப் பொறுக்க 70 வழி இருக்கு. சும்மா குத்துமதிப்பா அடிச்சு எல்லாம் சரியா வரணும்னா 70-க்கு ஒரு தடவைதான் வரும். நூத்துக்கு 1.4. அப்படி வந்துட்டா, ‘சும்மா அடிச்சு விட்டாங்க’ன்னு சொல்ல வாய் கூசும்ல? அந்தக் கூச்சத்தை எண்ணாப் போட்டாத்தான் பி-வேல்யூ. சரி, மூணு சரி ஒண்ணு தப்புன்னா? கண்ணை மூடிக்கிட்டு அடிச்சாலே அம்புட்டோ அதுக்கு மேலயோ 70-க்கு 17 தடவை தேறிரும். அதுக்குப் போய் யாரு வாய் கூசப் போறா?

இதுல ஒரு புத்திசாலி வருவான். ‘பி 1.4 சதவீதம், அதனால அந்த அம்மா சொன்னது 98.6 சதவீதம் உண்மை’ன்னு எழுதுவான். வகுப்புல கை தட்டும் வாங்குவான். ஏல, காக்கா சும்மா உக்காந்துச்சுன்னு வச்சுக்கிட்டா இப்படி விழுகது எம்புட்டு அபூர்வம்? அதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். காக்கா தள்ளிருக்க எம்புட்டு வாய்ப்புன்னு அதுக்குத் தெரியாது. அமெரிக்காவுல புள்ளியியல்காரங்க சங்கமே 2016-ல இதுக்குன்னு ஓர் அறிக்கை விட வேண்டியதாப் போச்சு. பி-வேல்யூ உண்மையை அளக்காது, விளைவு பெரிசா சின்னதான்னும் அளக்காதுன்னு. படிச்சவங்களுக்குப் படிச்சவங்களே சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு, பாத்துக்கோ.

அந்த 0.05 எங்கன இருந்து வந்துச்சு? சாமி வந்து சொல்லுச்சா? 1925-ல ஃபிஷர் ஒரு புஸ்தகம் எழுதுனார். இருபதுக்கு ஒண்ணுங்கிறதை எல்லையா வச்சுக்கிட்டா வசதின்னார். அவர் வசதின்னதை நீங்க வேதமாக்கிட்டீங்க. 0.049 வந்தா மாலை மரியாதை. 0.051 வந்தா வாசல்லயே நில்லு. என்ன நியாயம்யா இது? இன்னொண்ணும் யோசி. ஒண்ணுக்கும் உதவாத இருபது விளம்பரத்தைத் தனித்தனியா டெஸ்டு பண்ணுனாலும், ஒண்ணாச்சும் நட்சத்திரத்தோட வர நூத்துக்கு 64 வாய்ப்பு. வந்த ஒண்ணை மேனேசர்கிட்டக் காட்டிட்டு, மத்த பத்தொம்பதை மடிச்சு மடியில வச்சுக்கிட்டா அது ஆராய்ச்சியா, கள்ளத்தனமா?

டி-டெஸ்டுக்கு வா. டப்ளின்ல கின்னஸ்னு பீர் ஆலை. 1899-ல அங்கன வேலைக்குச் சேந்தவர் வில்லியம் கோசெட். எந்த பார்லி தேவலாம், எந்த மால்ட்டு தேவலாம்னு பாக்கணும். ஆயிரம் சாம்பிளுக்கு எங்கன போக? கையில நாலஞ்சுதான். நாலஞ்சை வச்சுக்கிட்டு எம்புட்டு நம்பலாம்னு கணக்குப் போட்டு 1908-ல அச்சுல கொண்டு வந்தார். வேலைக்காரங்க சொந்தப் பேர்ல எழுதக் கூடாதுன்னு ஆலையில கட்டுப்பாடு. அதனால ‘ஸ்டூடன்ட்’னு புனைபேரு. நீ மனப்பாடம் பண்ணுத டி-டெஸ்டு பீர் ஆலைச் சரக்குய்யா. காந்தி ஜெயந்தி அன்னைக்குப் படிக்கலாமான்னு யோசிச்சுக்கோ.

அந்த மனுசன் ஏவாரம் தெரிஞ்சவர். எம்புட்டு உறுதி வேணுங்கிறதை, தப்பாப் போனா எம்புட்டுக் காசு போகும்னு பாத்து முடிவு பண்ணணும்கிறது அவர் கட்சி. நீங்க காசை விட்டுட்டு நட்சத்திரத்தைப் புடிச்சுக்கிட்டீங்க.

ஒரு கணக்கு போடுதேன் கேளு. இன்டர்நெட்ல சாமான் விக்க ஒரு கம்பெனின்னு வச்சுக்குவோம். வாங்குத பட்டனைப் பச்சையில இருந்து ஆரஞ்சுக்கு மாத்துதான். பச்சையைப் பாத்தது 10 லட்சம் பேரு, வாங்குனது 20,000. ஆரஞ்சைப் பாத்தது 10 லட்சம், வாங்குனது 20,500. டெஸ்டு போட்டா பி-வேல்யூ 0.012 பக்கம் வரும். நட்சத்திரம் விழுந்தாச்சு, கேக்கு வெட்டியாச்சு. ஒரு சாமானுக்குப் பத்து ரூவா லாபம்னா கூடக் கிடைச்சது எம்புட்டு? அஞ்சாயிரம் ரூவா. பட்டனுக்குச் சாயம் பூசினவனுக்குக் குடுத்தது மூணு லட்சம். வித்தியாசம் இருக்கு ராசா, யாரு இல்லைன்னா? அது கேக்கு வாங்கக் காணுமாங்கிறதுதான் கேள்வி.

ஆளு நெறைய இருந்தாச் சரியாயிரும்னும் நெனைக்காத. 1936 அமெரிக்கத் தேர்தல்ல ‘லிட்டரரி டைஜஸ்ட்’ங்கிற பத்திரிகைக்கு இருபது லட்சத்துக்கும் மேல பதில் வந்துச்சு. லாண்டன் ஜெயிப்பார்னு எழுதுனாங்க. ஜெயிச்சது ரூஸ்வெல்ட். லாண்டனுக்கு ரெண்டே ரெண்டு மாநிலம். ஏன்? போன் வச்சிருந்தவன், கார் வச்சிருந்தவன் பட்டியலைப் பாத்துக் கடுதாசி போட்டிருக்காங்க. பஞ்ச காலத்துல போனும் காரும் யார்கிட்ட இருக்கும்? வந்த பதிலை எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு யாரைக் கேட்டோம்னு யோசிக்கத் தெரியல.

இனி ரிக்ரஷன். இதுதான் உங்க பவுசுல உச்சம். புள்ளியைப் போடுத, நடுவுல ஒரு கோட்டை இழுக்க, ‘ஆர்-ஸ்கொயர் 0.9, கோடு நல்லாப் பொருந்துது’ங்க, மீசையை முறுக்குத.

ஒரு ஜவுளிக்கடை. விளம்பரத்துக்குக் கூடச் செலவழிச்ச மாசமெல்லாம் விக்கிரியும் கூடியிருக்கு. கோடு நேரா ஏறுது. ‘ஆயிரம் ரூவா விளம்பரத்துக்கு ஏழாயிரம் விக்கிரி’ன்னு நீ அறிக்கை எழுதுத. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஐப்பசியில விளம்பரம் குடுக்காத ஜவுளிக்கடை உண்டா? ஐப்பசியில துணி எடுக்காத குடும்பம் உண்டா? தீவாளி வந்து ரெண்டையும் தூக்கிருக்கு. நீ விளம்பரத்துக்கு மாலை போடுத. காக்காவும் பழமும்தான் மறுபடியும். இந்தத் தடவை எக்ஸெல்ல.

2000-ல ராபர்ட் மேத்யூஸ்னு ஒருத்தர் வேடிக்கையா ஒண்ணு செஞ்சார். புள்ளையைக் கொண்டு வந்து போடுதது நாரைதான்னு ஐரோப்பாவுல பழைய கதை. 17 ஐரோப்பிய நாடுகள்ல நாரை எத்தனை சோடி, வருசத்துக்குப் புள்ளை எத்தனைன்னு எடுத்தார். ஒட்டுறவு 0.62. பி-வேல்யூ 0.008. உங்க மந்திரப்படி நாரையேதான்! விசயம் என்ன? நாடு பெரிசுன்னா நாரையும் கூட, புள்ளையும் கூட. இதுக்கு நாரையைக் கூப்பிட்டு வெத்தலை பாக்கு வைக்கணுமா?

கோட்டை நீட்டுத ஆசையும் உங்களுக்கு விடாது. ஒரு மூட்டை யூரியா போட்டான், வெளைச்சல் கூடுச்சு. ரெண்டு போட்டான், இன்னும் கூடுச்சு. உன் கோட்டைக் கேட்டா பத்து மூட்டைக்கு வீடு கொள்ளாத நெல்லுங்கும். வயலைக் கேட்டா பயிரு சாஞ்சு கிடக்கும், பூச்சி விருந்து சாப்பிடும். பாத்த எல்லைக்குள்ளதான் கோடு பேசும். தாண்டுனா அது பேசாது, நீதான் பேசுத.

இந்த ரிக்ரஷனுக்கெல்லாம் மூத்தவர் பிரான்சிஸ் கால்டன். 1886-ல 205 சோடி தாய் தகப்பன், அவங்க பெத்து வளந்த 928 புள்ளைக ஒசரத்தை எடுத்துப் பாத்தார். பெத்தவங்க சராசரியை விட மூணு அங்குலம் ஒசரம்னா, புள்ளைக சுமாரா ரெண்டு அங்குலம்தான் ஒசரம். குட்டைக்கும் இதே கதைதான். எல்லாம் நடுவுக்குத் திரும்பும். இது தெரியாத சேல்ஸ் மேனேசர் என்ன செய்தான்? போன மாசம் கடைசியா வந்தவனை வையுதான். இந்த மாசம் அவன் கொஞ்சம் ஏறிருதான். முதல்ல வந்தவனைப் பாராட்டுதான். அவன் எறங்கிருதான். ‘வசவுதான்யா மருந்து’ன்னு மேனேசர் முடிவு கட்டிருதான். வசவு இல்லாமலும் பாதி ஏறிருக்கும்னு யாரு அவன்கிட்டச் சொல்ல?

இந்தா, நீ அடுத்து என்ன சொல்லப் போறன்னு தெரியும். ‘ஒட்டுறவு காரணம் ஆகாது தாத்தா, அதான் எங்களுக்கே தெரியுமே.’ அடடா! அதுவும் உங்களுக்கு ஒரு மந்திரம்தான். சொல்லிட்டு வேலையை முடிச்சுக்கிடுதீங்க. அங்கனதான் வேலை ஆரம்பிக்குது.

ராதாம்ஸ்டெட்ல பிராட்பாக்னு ஒரு கோதுமை வயல். ஒவ்வொரு துண்டுக்கும் வருசா வருசம் அதே உரம். ஆனா மகசூல் பல வருசமா பைய எறங்குது, ஏறுது. ஃபிஷர் 1921-ல அதுக்குக் கோடு போட்டுப் பாத்தார். போட்டுட்டு நோட்டை மூடல. களை கூடிருக்குமோன்னு சந்தேகப்பட்டார். களை எடுத்தது யாருன்னு பாத்தார். சின்னப் பசங்க. 1876-ல வந்த கல்விச் சட்டத்தால பசங்க பள்ளிக்கூடத்துக்குப் போனா, களைக்கு யாரு குனிவா? பள்ளிக்கூட மணிக்கும் கோதுமை மூட்டைக்கும் முடிச்சுப் போட எந்தக் கம்ப்யூட்டருக்கு வரும்?

அதே ஃபிஷர்தான் கடைசிக் காலத்துல சறுக்குனார். 1950-ல டால், ஹில்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க புகைக்கும் நுரையீரல் புத்துநோய்க்கும் உள்ள ஒட்டுறவை எடுத்துக் காட்டுனாங்க. அப்புறம் நாப்பதாயிரம் டாக்டர்மாரு கிட்டயே விவரம் வாங்கி வருசக்கணக்காப் பின்தொடர்ந்து பாத்தாங்க. புகைச்சவன் கூடச் செத்தான். ஃபிஷர் ஒத்துக்கிடல. பொறவியிலயே ஏதோ ஒண்ணு இருந்து, அதுவே புகைக்கவும் வைக்குது, நோயையும் தருதுன்னு இருக்கலாம்லான்னார். இருக்கலாம்தான். ஆனா அவர் வாயில எப்பவும் பைப்பு. புகையிலைக் கம்பெனிக்காரங்களுக்கு ஆலோசகராவும் இருந்தார். களைக்குக் காரணம் தேடிப் பள்ளிக்கூடம் வரை போன மனுசனுக்கு மூக்குக்குக் கீழ இருந்த புகை தெரியல. கேள்வி கேக்கதுலயும் ஓரவஞ்சனை உண்டுய்யா.

ஆக, பரீட்சையில அவன் கேக்கதை எழுதிட்டு வா. மார்க்கை விட்டுராத, உங்க அப்பன் கட்டுன பீஸு சும்மா இல்ல. ஆனா நாளைக்குக் கம்பெனியில நாலு பேரு முன்ன நிக்கும்போது நட்சத்திரத்தைக் காட்டிட்டு உக்காந்திராத. யாரைக் கேட்டு எடுத்த கணக்கு? எத்தனை தடவை போட்டுப் பாத்துட்டு இதை மட்டும் காட்டுத? நெசம்னா எம்புட்டு ரூவா? தப்புன்னா யாரு பணம் போகும்? ரெண்டையும் சேத்துத் தூக்குத மூணாவது ஒண்ணு உண்டா? பதில் எப்படி வந்தா எனக்கு லாபம்? இம்புட்டையும் முதல்ல உன்னையவே கேட்டுக்கோ.

இப்படிக் கேட்டா பிரமோசன் கிடைக்குமான்னு கேக்கியா? அதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல. கேள்வி கேக்கவனை எந்த மேனேசருக்குப் புடிச்சிருக்கு? ஒண்ணு மட்டும் சொல்லுதேன். மாசக் கடைசியில உனக்குச் சம்பளம் போட அந்தக் கம்பெனி இருக்கும்.