கைராசிக் கடிகாரம்

அவசரப் பிரிவுக்கு வருபவரை நான்கு மணி நேரத்துக்குள் வார்டில் சேர்க்க வேண்டும், இல்லை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளுக்கு, 2004-க்குள் எட்ட வேண்டிய இலக்கு வைத்தார்கள். அப்புறம் பார்த்தால், மூன்றே முக்கால் மணி வரை பிடிபடாத நோயெல்லாம் கடைசிச் சில நிமிடங்களில் மளமளவென்று பிடிபட்டது. கடிகாரத்தைவிடக் கைராசியான டாக்டர் உண்டா? உள்ளே விட்டால்தானே கடிகாரம் ஓடும் என்று சில இடங்களில் நோயாளியை ஆம்புலன்ஸிலேயே காக்க வைத்தார்கள்.

கோளாறு இருந்தது வேறிடத்தில். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் குணமான பெரியவர் வார்டில். வார்டில் கட்டில் காலியாகாததால் புதிய நோயாளி வாசலில். அடுப்பில் உலையே கொதிக்காதபோது, பந்தியில் இலையை மட்டும் நேரத்துக்குப் போட்டு என்ன பயன்? இலை போட்ட நேரம் பதிவேட்டில் இருக்கும். பசி எந்தப் பதிவேட்டில் இருக்கும்?