நூல் பிடிக்கத் தெரியாத ஓவியருக்கு

வாங்க ஐயா, வாங்க! டப்பா நிறைய பென்சிலு, தலகாணி கனத்துல நோட்டு. சாமான் செட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இனி படம் தானா வந்துரும், என்ன?

வரையப் போறது ராமேஸ்வரம் கோயில் மூணாம் பிரகாரமாம்! அங்கே 1,212 தூணு. உன் தாள்ல ரெண்டாவது தூணே தள்ளாடுதேடா பேராண்டி!

முதல்ல கோட்டைப் பாரு. ஒரு கோட்டுக்கு ஒம்போது கீறல். மணிக்கட்டை ஊனிக்கிட்டுச் சொரண்டினா அப்படித்தான். நீளக் கோட்டுக்குக் கை தோள்ல இருந்து வரணும். ரெண்டு புள்ளி வை. பென்சில் தாள்ல படாம மேலாக்க நாலு தடவை ஓட்டிப் பாரு. கண்ணு, போய்ச் சேர வேண்டிய புள்ளியிலயே இருக்கட்டும். அப்புறம் ஒரே இழுப்பு. கோணிக்கிச்சா? ரப்பரைத் தொடாதே, பக்கத்துலயே இன்னொண்ணு இழு. ரப்பர் தேயத் தேய வளர்றது கடைக்காரன்தான்.

அடுத்து அடிவானக் கோடு. அது உன் கண்ணு மட்டம், அவ்வளவுதான். நீ உட்கார்ந்தா அதுவும் உட்காரும். நீ நின்னு பார்த்தா, சமதரையில உன் உசரத்து ஆளுங்க கண்ணெல்லாம், கிட்ட நின்னாலும் எட்ட நின்னாலும், அந்தக் கோட்டுமேலதான் வரும். தூரம் போகப் போகக் காலுதான் மேலே ஏறும். நீ தலையை இறக்கிவிட்டிருக்கே. பக்தர்கள் எல்லாம் பள்ளத்துலயா நடக்கறாங்க?

தூணுக்குத் தூணு இடைவெளியைக் குத்துமதிப்பா வைக்காதே. தூண் வரிசையெல்லாம் தூரத்துல ஒண்ணாச் சேர்ற மாதிரித் தெரியுதே, அடிவானக் கோட்டுல அந்த இடம்தான் மறைபுள்ளி. முதல் தூணோட தலை, நடு, அடி மூணுல இருந்தும் அதுக்குக் கோடு இழு. ரெண்டாவது தூணை நிறுத்து. இப்போ முதல் தூணு தலையில இருந்து, ரெண்டாவது தூணு நடு வழியா, ஒரு சாய்கோடு. அது அடிக்கோட்டுல எங்கே இடிக்குதோ, அங்கேதான் மூணாவது தூணு. மீதியும் அப்படியே.

இதெல்லாம் பழைய வித்தை. ஜெர்மனிக்காரர் டியூரர் 1525ல போட்ட புத்தகத்துல ஒரு படம் இருக்கு. சுவத்து வளையத்துல நூலைக் கோத்து, மேசை மேல கிடக்கிற தந்தி வாத்தியத்தை ரெண்டு பேரு புள்ளி புள்ளியா அளந்து வரையறாங்க. அவ்வளவு பெரிய கையே நூல் பிடிச்சிருக்கு. ஐயாவுக்கு மட்டும் கண்திட்டம் போதுமாக்கும்!

மறைபுள்ளியில ஒரு குண்டூசியைக் குத்தி நூலைக் கட்டு, கௌரவம் குறையாது. ஊசி பாட்டிகிட்ட இருக்கு. தாளைச் சுவத்துல வெச்சுக் குத்தப் போறேன்னு மட்டும் உளறிடாதே. இந்த வீட்டுச் சுவத்துல ஆணியடிக்க எனக்கே இன்னும் உத்தரவு கிடைக்கலை.