ரிங் லைட்டும் ஆதி குணசேகரனும்

என்ன அப்பு, நடிகனாகப் போறியாமே? ஊரே பேசிக்கிது. சந்தோசம். தடைக்காலம் 61 நாளும் மத்த பயலுக வலையைச் சரிபாத்தானுக, இல்லாட்டி மரத்தடியில சீட்டாடுனானுக. நீ ஏப்ரல் 15ல ஒரு ரிங் லைட்டு வாங்குனே. ஜூன் 14க்குள்ள பேருக்குக் கீழ 'ஆக்டர்'னு போட்டுக்கிட்டே. கெட்டிக்காரன்தான்.

கோடியக்கரை மணல்ல நீ கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு நடந்து வர்றதைப் பேத்தி செல்லுல காட்டுனா. ஸ்லோமோசனாம். நான் என்னத்தக் கண்டேன்? பயலுக்குக் கால்ல நெருஞ்சி முள்ளு ஏறிருச்சு போலன்னு பதறிட்டேன். பின்னாடி ஒங்க சித்தப்பன் வல்லத்தைத் தள்ள ஆளில்லாம ஒத்தையில முக்கிக்கிட்டு நிக்கிறான். அவனும் படத்துல விழுந்துருக்கான். நடிப்பு எப்படின்னு என்னையக் கேட்டா, அவன் மொகந்தான் நெசமா இருந்துச்சு.

அடுத்து போர்ட்ஃபோலியோவாம். சட்டை மாத்தி மாத்திப் போட்டோ. சிரிக்கிறது ஒண்ணு, மொறைக்கிறது ஒண்ணு, எங்கயோ பாக்குறது ஒண்ணு. எங்கே அப்பு பாத்தே? கட்டுமாவடிப் பக்கமா, மீமிசல் பக்கமா? அம்புட்டும் ஒங்க அப்பன் வலை வாங்க வச்சிருந்த காசு. இப்ப மெட்ராசுலருந்து ஒருத்தன் போன் போட்டு, செலக்ட் ஆயிட்டீக, பதிவுக்கட்டணம் அனுப்புங்கன்னு சொல்றானாமே? வேலைக்குக் கூப்புடுறவன் கூலி குடுப்பானா, கூலி கேப்பானா? தென்னை மரம் ஏறுறவன்கிட்ட, ஏறுறதுக்குக் கட்டணம் கட்டிட்டு ஏறுன்னு எவனாச்சும் சொல்லிப் பாத்துருக்கியா?

ஒங்க ஆத்தா வேற அறந்தாங்கி போயி ஜாதகம் பாத்துட்டு வந்துருச்சு. சுக்கிரன் உச்சமாம். கலைத்துறையத் தவிர வேற எதுவும் ஒட்டாதாம். எட்டாவதுல மூணு வருசம் எதுவும் ஒட்டாமப் போனது நமக்குத் தெரியும், சுக்கிரனுக்கு இப்பத்தான் தெரிஞ்சுருக்கு.

சோசியப் பேச்சு வந்ததுனால கேக்குறேன். ஒங்க அப்பத்தா தெனம் ராத்திரி சோத்துத் தட்டை வச்சுக்கிட்டு வஞ்சு தீத்த ஆளு ஒருத்தர் இருந்தாரே, ஞாபகம் இருக்கா? ஆதி குணசேகரன். வீட்டுப் பொம்பளைகளை வாசப்படி தாண்டவிடாத மூத்த அண்ணன். 2022ல சன் டிவியில திருச்செல்வம் ஆரம்பிச்ச 'எதிர்நீச்சல்' சீரியல். "இந்தாம்மா, ஏய்!"னு அவரு ஒரு குரல் விட்டா, இங்க நம்ம தெருவுல கொண்டையை அள்ளி முடிஞ்சுக்கிட்டுச் சண்டைக்கு நிப்பாக. அவருதான் டிவி மேடையில சோசியக்காரங்களோட நேருக்கு நேரா மல்லுக்கு நின்னவரு. அவரு நெசப் பேரு மாரிமுத்து. தேனிச் சீமையில வருசநாட்டுக்கிட்ட பசுமலைத்தேரி.

அவரும் 1990ல வீட்டைவிட்டு ஓடித்தான் மெட்ராஸ் போனாரு. ஆனா நடிக்கப் போகலை, டைரக்டராகப் போனாரு. போன எடத்துல கெடச்சது ஓட்டல்ல சப்ளையர் வேலை. அதைப் படம் புடிச்சு 'என் போராட்டம்'னு தலைப்புப் போட அப்ப செல்லு இல்ல, மனுசன் தப்பிச்சாரு. சப்ளையர் வேலையை லேசா நெனைக்காதே. எவன் பசியில வந்துருக்கான், எவன் பொண்டாட்டிகிட்டக் கோவிச்சுக்கிட்டு வந்துருக்கான், எவன் கைகழுவுற சாக்குல நழுவப் போறான், எலை போடுறதுக்குள்ள மொகத்தைப் பாத்துக் கண்டுக்கிறணும். ஒன்னைய மாதிரி கண்ணாடிக்கு முன்னால நின்னு தன் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தா அது வருமா?

பெறகு கவிஞர் வைரமுத்துகிட்டப் பழக்கம். அங்கருந்து ராஜ்கிரண். 'அரண்மனைக்கிளி' 1993, 'எல்லாமே என் ராசாதான்' 1995, ரெண்டுலயும் உதவி டைரக்டர். அப்புறம் மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே. சூர்யான்னு வரிசையா வேலை. உதவி டைரக்டர்னா நாக்காலி போட்டு ஒக்காருறதுன்னு நெனச்சியா? கிளாப் அடிக்கணும். வசனப் பேப்பரைத் தூக்கிக்கிட்டு ஓடணும். நேத்து எடுத்த சீன்ல கதாநாயகன் சட்டையில எத்தனை பட்டன் போட்டுருந்தான், வேட்டி முனை எந்தக் கையில இருந்துச்சு, அம்புட்டையும் மனசுல வச்சுக்கிறணும். தப்புனா அம்பது பேரு முன்னால வசவு. தன் பேருல படம் எடுக்க 2008 ஆயிருச்சு. 'கண்ணும் கண்ணும்'. 18 வருசம் அப்பு! நீ 18 லைக்கு வர்றதுக்குள்ள செல்லைத் தட்டித் தட்டிப் பாக்குறே.

நடிக்கக் கூப்புட்டது அதுக்கும் பெறகு. 2011ல மிஷ்கின் 'யுத்தம் செய்' படத்துல போலீசுக்காரரா நிறுத்துனாரு. நின்ன நிலையிலயே லஞ்சம் வாங்குறவன்னு தெரியும், கேமராவுக்கு மொறைச்சுக் காட்டலை. நடுவுல 2014ல 'புலிவால்'னு இன்னொரு படம் எடுத்தாரு. 2018ல 'பரியேறும் பெருமாள்'. அதுல கதாநாயகிப் புள்ளையோட அப்பன் வேசம். சொந்தக்காரனுக அடிச்சுப் போட்ட பையன்கிட்ட, இங்கருந்து போயிருன்னு கெஞ்சி அழுவாரு பாரு, அந்த ஆளு நல்லவனா கெட்டவனான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புடிபடலை. நம்ம ஊர்லயும் அப்பேர்ப்பட்ட அப்பன்மாரு இருக்காக. பேரு சொன்னா எனக்குத்தான் வம்பு.

இத்தனைக்கும் பெறகு, அம்பதைத் தாண்டித்தான் வீட்டுக்கு வீடு மொகம் தெரிஞ்சுச்சு. 2023 ஆகஸ்டுல 'ஜெயிலர்' வந்துச்சு, அதுலயும் இருந்தாரு. மறு மாசம் 8ஆந்தேதி காலையில சீரியலுக்கு டப்பிங் பேசிக்கிட்டு இருந்தப்ப மாரடைப்பு. மனுசன் போயிட்டாரு. டப்பிங்னா தெரியுமா? நடிச்சு முடிச்ச பெறகு, அடைச்ச ரூமுல நின்னுக்கிட்டு, திரையில அசையிற தன் ஒதட்டுக்குத் தானே மறுபடி பேசணும். அந்த அதட்டல் தெனமும் ரெண்டு தரம் நெஞ்சைக் கடந்துதான் வெளிய வந்துச்சு. அன்னிக்கு ஒங்க அப்பத்தா உலை வைக்கலை. ஒண்ணரை வருசமா நாசமாப் போவான்னு வஞ்ச கெழவி, எம் மவனேன்னு அழுதுச்சு. இதுக்கு என்ன பேரு? ஃபேன் பேஜா?

அவரு எடத்துக்கு ஒருத்தரைக் கொண்டாந்தாக பாத்தியா? வேல ராமமூர்த்தி, ராமநாதபுரம் பெருநாழிக்காரரு. பட்டாளத்துல இருந்தவரு, கதை எழுதுறவரு. தல நரைச்ச பெறகு 2013ல 'மதயானைக் கூட்டம்' படத்துல வந்து நின்னாரு. அவரு மீசையை எவன் வரைஞ்சு விட்டான்? போர்ட்ஃபோலியோவுல இருந்தா எடுத்தாக?

சின்ன வயசுல ஜெயிச்சவனே இல்லையாங்காதே. நம்ம புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா இருந்தாரே. 1940ல 'உத்தமபுத்திரன்'ல ரெட்டை வேசம். சொந்தக் குரல்ல பாட்டு. நாடகக் கம்பெனியில சிறுசாச் சேந்து, குரல் ஒடைஞ்சதும் வெளிய வந்து, பாட்டும் சிலம்பும் குஸ்தியும் படிச்ச பெறகுதான் பேரு. 35 வயசுல, 1951ல போய்ச் சேந்துட்டாரு. இருந்த கொஞ்ச காலத்துல புதுக்கோட்டையில வீடா வாங்கித் தள்ளி, இனிமே அவருக்கு எவனும் வீடு விக்கக்கூடாதுன்னு மகாராஜாவே உத்தரவு போட்டாருன்னு ஒரு பேச்சு உண்டு. நெசமோ பொய்யோ, நீ ஒங்க வீட்டு வாடகை பாக்கியைக் கட்டு மொதல்ல.

சரி, மொகத்தைத் தொங்கப் போடாதே. ஒன்னைய வேணாங்கலை. விடியக்கால கோட்டைப்பட்டினம் போ, படகு வர்ற நேரத்துக்கு. ஏலம் கூறுறவரைப் பாரு. இல்லாத யாவாரி ஒருத்தன் பின்னால நின்னு கூடக் கேக்குற மாதிரி தலையை ஆட்டுவாரு. வாங்குறவன் எனக்கு வேணாம்ப்பான்னு கடலைப் பாத்துக்கிட்டு நிப்பான். ஆனா கால் பெருவெரலு அந்தக் கூடையை விட்டு நகராது. அங்க ரீடேக் கெடையாது. ரெண்டு பேத்துல எவன் தோத்தாலும் அன்னிக்கு அடுப்பு எரியாது.

இந்தா நூறு ரூவா. நகரை மீனு வாங்கியா. ஒங்க அப்பன் பேரைச் சொல்லாதே, வெலையைக் கொறைச்சுப்புடுவாக. நீயாப் பேசி எம்புட்டு மீனு கொண்டாறேன்னு பாத்துட்டு, ஒன் நடிப்பைப் பத்தி நான் சொல்றேன்.